ஜன்னல் இல்லாத அறை

கப்பல் நிற்கப்போவது கிழக்கா மேற்கா,
அது முதலில் தெரியவேண்டும் என்றேன்.
"கிழக்கு, பி" என்றாள் அமலி
தூத்துக்குடியிலிருந்து,
பக்கத்துத் தெருவைச் சொல்வதுபோல.

எண்ணெய் நிரப்ப முப்பது மணி நேரம்.
இன்னாசி இறங்க முடியாது.
ஏழு மாதமாக எந்தத் துறைமுகத்திலும் இறங்கவில்லை.
"தூரத்துல நின்னாலும் பரவால்ல,
எங்க ரூம் போட்டா தெரியும்னு மட்டும் சொல்லு."

எங்கே தங்கலாம் என்று கேட்பவர்களுக்கு
என்னிடம் எப்போதும் பதில் இருக்கும்.
தேக்கா என்றால் சாப்பாட்டுக் கவலை இல்லை,
ஞாயிறு மட்டும் நடைபாதை இல்லை.
கேலாங் மலிவு,
ஏன் மலிவு என்று அப்பாவிடம் சொல்லாதே.
விமானம் விடிகாலை என்றால் சீமெய்.
கப்பலைப் பார்க்க வருகிறவளை
யாரும் என்னிடம் அனுப்பியதில்லை.

சனிக்கிழமை, ஓட்டல் ஓட்டலாக ஏறினேன்.
மரின் பரேடில் பதினாறாம் மாடி,
நானூற்றுப் பத்து வெள்ளி, வரி தனி.
கடல் தெரியுமா என்றதற்கு
பாதி தெரியும் என்றான் வரவேற்பில் இருந்த பையன்.
மீதியை ஒரு மரம் வைத்திருந்தது.
ஜூ சியாட்டில் பாதி விலை.
திறந்தால் எதிர்ச்சுவர்,
ஏர்கான் பெட்டிகள், ஒன்றின்மேல் ஒரு மைனா.
அதே ஓட்டலில் நூற்றெட்டு வெள்ளிக்கு
ஜன்னலே இல்லாத அறையும் உண்டு.
திரைச்சீலை மட்டும் தொங்கியது, பூப்போட்டது.
தெரிந்தும் விலக்கிப் பார்த்தேன்.
சுவர்.

என் வீட்டைப் பட்டியலில் சேர்க்கவில்லை.
பிடோக், பதினொன்றாம் மாடி.
சமையலறையில் நின்றால்
இரண்டு புளோக்குகளுக்கு நடுவே
நாலு விரல் அகலத்துக்குக் கடல்.
ஒரு விரலிலிருந்து அடுத்த விரலுக்கு
ஒரு கப்பல் நகர்வதற்குள்
குக்கர் இரண்டு முறை கூவிவிடும்.
சொல்லியிருக்கலாம்.
கூடத்துச் சோபாவில் தினமும் மடித்து வைக்கிற
தனபாலின் போர்வையை
எந்த அலமாரியில் ஒளிப்பது என்று
இரண்டு நாள் யோசித்தேன்.
பிறகு படங்களோடு மூன்று ஓட்டல்களை அனுப்பினேன்.

அவள் ஜன்னல் இல்லாததை எடுத்தாள்.
"படுக்க மட்டுந்தான.
கண்ண மூடுனா எல்லா ரூமும் ஒண்ணுதான்.
மிச்சத்துக்கு ஒரு பைனாகுலர் வாங்கிருவேன்."

பிடோக் ஜெட்டி, இரவு பதினொன்றரை.
தூண்டில்காரர்களுக்கு நடுவே ஓர் இடம் கேட்டு வாங்கினோம்.
எதிரே நூறு விளக்காவது இருக்கும்,
எண்ணினால் தப்பும்.
"அந்த மூணாவது" என்றாள்.
"இல்ல, அது."
ஃபோனில் இன்னாசி விட்டு விட்டுக் கேட்டான்,
"டார்ச் அடிக்கேன்... மூணு வாட்டி... தெரியுதா?"
தெரியுது என்றாள், பைனாகுலரை
இன்னும் உறையிலிருந்து எடுக்காமலே.

பக்கத்தில் இருந்த மலாய்க்காரர்
நெற்றியில் கட்டியிருந்த விளக்கைக் கழற்றி நீட்டினார்.
என்ன ஏது என்று கேட்கவில்லை.
அமலி அதைக் கையால் மூடித் திறந்தாள்,
மூடித் திறந்தாள், மூடித் திறந்தாள்.

இரண்டு கப்பல்கள் பதில் சொல்லின.

அவள் சிரித்த சிரிப்பில்
ஜெட்டியே திரும்பிப் பார்த்தது.
"பாருடி கோதை, இன்னொருத்தனும்
எவளையோ தேடிட்டு நிக்கான்."
பிறகு ரெண்டுக்கும் கை அசைத்தாள்,
அந்த இருட்டில்.

ஃபோன் அறுந்த பிறகு
பைனாகுலரைக் கரைப்பக்கம் திருப்பினாள்.
"இதுல எது உன் வீடு?"
கீழிருந்து மாடிகளை எண்ணினேன்.
அந்த மூணாவது புளோக் என்றேன்.
இல்லை, அது.
"லைட்டு எரியுதே. யாரு இருக்கா?"

மலாய்க்காரர் அவசரமாய்க் கையை நீட்டினார்.
விளக்கு வேண்டுமாம்.
ஏதோ இழுக்கிறது.